மேடான் முதல் தோபா வரை

வெளிநாட்டுச் சுற்றுலா என்றதும் நம் மாணவர்களின் மனம் முதலில் ஹட்யாய்க்கோ பேங்காக்கிற்கோ பறந்துவிடுகிறது. கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தால் தமிழ்நாடு. எங்கள் கழகத்தின் செயலவைக் கூட்டத்திலும் இந்தப் பெயர்கள்தாம் முதலில் எழுந்தன. மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் கைநீட்டும் தூரத்தில் படுத்திருக்கும் சுமத்ராவை யாரும் நினைக்கவில்லை. நான் அதன் பெயரைச் சொன்னதற்குப் பெரிய இலட்சியக் காரணம் ஏதும் இல்லை, செலவு குறைவு. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து மேடானுக்கு ஒரு மணி நேரப் பறப்பு. சிரம்பானிலிருந்து ஈப்போவுக்குப் பேருந்தில் போகும் நேரத்தில் பாதிகூட ஆகாது. மலேசியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டியதில்லை. ஆளுக்கு 1,200 ரிங்கிட் என்று கணக்குப் போட்டு, அதில் ஒரு பகுதியைத் தீபாவளிச் சந்தையில் முறுக்கு விற்றுத் தேற்றினோம். மாணவர் பதினான்கு பேர், விரிவுரையாளர் ஒருவர், ஐந்து நாள். இப்படித்தான் புறப்பட்டோம்.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கும் நண்பர்களுக்காகவே இக்கட்டுரை. இயற்கை, சந்தை, சாப்பாடு இம்மூன்றையும் பார்க்கத்தான் போனோம். ஆனால் சுமத்ராவில் இம்மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை முதல் நாளே கண்டுகொண்டோம். சந்தையில் குவிந்திருக்கும் முட்டைக்கோசுக்கும் எரிமலைக்கும் உறவு உண்டு. சாலையோரச் செம்பனைக்கும் எங்கள் தோட்டத்துக்கும் உறவு உண்டு.

மேடானின் குவாலா நாமு விமான நிலையம் 2013-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு முன் அந்த இடம் தோட்ட நிலம். சிப்பாங்கில் நம் விமான நிலையம் எழுந்ததும் தோட்ட நிலத்தில்தானே! தோட்டத்தில் பிறந்த எனக்கு, ஒரு தோட்டத்தில் ஏறி இன்னொரு தோட்டத்தில் இறங்கியது போலத்தான் இருந்தது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைத்துவிட்டுப் பணம் மாற்றினோம். ஒரு ரிங்கிட்டுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ரூப்பியா. நூறு வெள்ளியை நீட்டியவர்கள் எல்லாரும் இலட்சாதிபதிகளாகத் திரும்பினோம். அன்றிரவு சாப்பிட்டு முடித்தபோது அந்தச் செல்வம் பாதியாகியிருந்தது என்பது வேறு கதை.

மொழி சிக்கலாகாது என்று எண்ணியிருந்தோம். எஸ்.பி.எம்.மில் மலாய் மொழியில் உயர்ந்த புள்ளி வாங்கியவர்கள் எங்களில் பலர். ஆனால் மேடான்காரர்களின் பேச்சு இந்தோனேசியாவிலேயே தனி ரகம். அவர்களுக்குக் 'கெரெத்தா' என்றால் மோட்டார் சைக்கிள். நம் கெரெத்தா அவர்களுக்கு 'மோத்தோர்'. 'பாசார்' என்றால் பெருஞ்சாலை. சந்தைக்குப் 'பஜாக்' என்று பெயர். 'காலோன்' என்றால் எண்ணெய் நிலையம். எங்கள் குழுத் தோழன் தங்குவிடுதிக்காரரிடம் "நாளைக் காலை இரண்டு கெரெத்தா வேண்டும்" என்று கேட்டான். அவர் எங்கள் பதினைந்து பேரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, "இரண்டில் எப்படி ஏறுவீர்கள்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

மறுநாள் சிறிய பேருந்தில் காரோ மலைநாட்டுக்கு ஏறினோம். நகரைத் தாண்டியதும் வழியில் செம்பனை தென்படத் தொடங்கியது. இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். செம்பனை ஆப்பிரிக்க மரம். 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நட்ட நான்கு கன்றுகளின் வழிவந்த மரங்கள் சுமத்ராவின் டெலி பகுதியில் முதலில் அழகுக்காகச் சாலையோரங்களில் நடப்பட்டன. 1911-இல் அட்ரியன் ஹாலே என்ற பெல்ஜியர் அவற்றை வாணிகப் பயிராக்கினார். 1917-இல் நம் நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் சிலாங்கூரின் தென்னமாரத்தில் தோன்றியபோது, விதை வந்தது சுமத்ராவிலிருந்துதான். இன்று நம் தோட்டங்களில் நிற்கும் மரங்களின் தாய்வழிக்கே 'டெலி டூரா' என்று பெயர். லாபு பக்கம் எங்கள் தோட்டத்தில் பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது, பால் வெட்டு வேலை போய்ப் பலர் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்ததை என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மரத்தின் பாட்டி ஊர் இதுதான் என்று பேருந்துச் சன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு போனேன்.

டெலியின் பழைய புகழ் செம்பனையால் வந்ததன்று, புகையிலையால் வந்தது. 1863-இல் யாகோபுஸ் நியன்ஹைஸ் என்ற டச்சுக்காரர் இங்கே புகையிலை பயிரிடத் தொடங்கினார். சுருட்டின் மேலே சுற்றும் மெல்லிய இலைக்கு டெலிப் புகையிலையை மிஞ்சியது இல்லை என்று ஐரோப்பிய வணிகர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். சுருட்டுக்கு மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் 'செருத்து' என்று பெயர். நம் 'சுருட்டு' என்ற சொல்தான் அது. கடை 'கெடாய்' ஆனதும், பெட்டி 'பெத்தி' ஆனதும், கட்டில் 'காத்தில்' ஆனதும் போலத்தான். புகையிலைத் தோட்டங்களுக்குச் சீனர்களும் ஜாவானியரும் கொண்டுவரப்பட்டார்கள். தமிழரும் வந்தார்கள். ஆனால் அவர்கள் கைக்கு வந்த வேலை பெரும்பாலும் புகையிலையன்று. சாலை போடுவது, வடிகால் வெட்டுவது, மாட்டுவண்டி ஓட்டுவது. பினாங்கிலிருந்து கடல் கடந்து போனவர்களும் அவர்களில் உண்டு. மலாயாவுக்குப் போல டச்சு நாட்டுக்குத் தாராளமாக ஆளெடுக்கப் பிரிட்டிஷ் இந்திய அரசு இடம் கொடுக்கவில்லை. எனவே அங்கே தமிழர் தொகை சிறுத்தே இருந்தது. இதன் விளைவைக் கடைசி நாளில் கண்ணால் கண்டேன்; அதைப் பிறகு சொல்கிறேன்.

பெராஸ்தாகி ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். கேமரன் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு எரிமலைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சிபாயாக், மறுபக்கம் சினாபோங். சினாபோங் சில நூற்றாண்டுகள் உறங்கிக் கிடந்து 2010-இல் விழித்தது. அதன்பின் பல ஆண்டுகள் சாம்பலைக் கக்கிக்கொண்டே இருந்தது. அடிவாரத்துக் கிராமங்கள் சில காலியாயின. அப்படியிருந்தும் மக்கள் ஏன் அந்த மலைகளை விட்டு அகலவில்லை என்பதற்கு விடை பழச் சந்தையில் கிடைத்தது. எரிமலைச் சாம்பல் சிதைந்து உருவாகும் கரிய மண் நீரைப் பிடித்துவைக்கும். புட்டுமா போலப் பொலபொலவென்று இருக்கும். பயிருக்கு வேண்டிய தாதுக்களும் அதில் உண்டு. அந்த மண்ணில் முட்டைக்கோசு, கேரட், உருளைக்கிழங்கு, தக்காளி, ஆரஞ்சு எல்லாம் அடர்ந்து விளைகின்றன. டச்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து காய்கறி கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போயிருக்கிறது.

அந்தச் சந்தையை வருணிக்கத் தொடங்கினால் இக்கட்டுரை முடியாது. 'மார்க்கிசா' எனப்படும் பேஷன் பழம் மலை மலையாகக் குவிந்திருந்தது. 'தெரோங் பெலாண்டா' என்று ஒரு பழம். பெயருக்குப் பொருள் டச்சுக் கத்தரிக்காய். முட்டை வடிவில் சிவப்பாக, தக்காளிக்கும் கொய்யாவுக்கும் நடுவே ஒரு புளிப்பு. இரண்டையும் சேர்த்து அரைத்த சாற்றுக்கு 'மார்த்தாபே' என்று பெயர். இப்போது எழுதும்போதும் நாக்கில் நீர் ஊறுகிறது. பாம்புத் தோல் போர்த்த சாலாக் பழத்தை ஒரு மூதாட்டி உரித்து உரித்துக் கையில் திணித்துக்கொண்டே இருந்தார். "தின்று பார், வாங்காவிட்டால் பரவாயில்லை" என்பார். தின்றபின் எப்படி வாங்காமல் வருவது? மசாலைக் கடையில் கொத்துமல்லியைக் 'கெத்தும்பார்' என்றார்கள். அதுவும் நம் சொல்லே. பேரம் பேசுவதில் எங்கள் குழுவில் சிரம்பான் பெரிய சந்தையில் பழகியவள் நான் ஒருத்திதான். பாதி விலையில் தொடங்கி முக்கால் விலையில் முடிப்பது அங்கேயும் செல்லுபடியாகிறது.

சாப்பாட்டுக் கடைப் பலகைகளைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. 'பி.பி.கே.' என்றிருந்தால் காரோ முறையில் வாட்டிய பன்றி இறைச்சி. 'பி 2' என்றாலும் பன்றிதான். 'பி 1' என்றிருந்தால் நாய் இறைச்சி. பாத்தாக் மொழியில் நாய்க்குப் 'பியாங்', பன்றிக்குப் 'பாபி'. சொல்லில் எத்தனை 'ப' வருகிறதோ அத்தனை எண். இந்தச் சூத்திரத்தை முதலிலேயே மனப்பாடம் செய்துகொண்டோம். குழுவில் சைவத் தோழியர் இருவர் இருந்தனர். அவர்களுக்கு முதல் நாள் சோறும் மிளகாய்ச் சம்பாலும்தான். இரண்டாம் நாளிலிருந்து வேர்க்கடலைக் குழம்பு ஊற்றிய 'காடோ காடோ', தெம்பே, அவித்த மரவள்ளி இலை என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

எங்கள் பேருந்து ஓட்டுநர் காரோ இனத்தவர். நாங்கள் தமிழர் என்று தெரிந்ததும், "நான் செம்பிரிங் சோலியா" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. விரிவுரையாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காரோ மக்களின் ஐந்து பெருங்குலங்களில் ஒன்று செம்பிரிங். 'கருத்தவர்' என்று அதற்குப் பொருள். அதன் கிளைகளின் பெயர்களைக் கேளுங்கள்: சோலியா, பண்டியா, பெலாவி, மெலியாலா, பிராமனா. சோழர், பாண்டியர், பல்லவர், மலையாளர், பிராமணர் என்ற பெயர்களே இவை என்று அறிஞர்கள் பலர் கருதுகின்றனர். கடற்கரையில் வணிகம் செய்த தென்னிந்தியர் மலைமேல் ஏறிக் காரோ மக்களோடு கலந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கூற்று. இக்குலத்தாரில் ஒரு பிரிவினர் முற்காலத்தில் இறந்தவரின் சாம்பலைச் சிறு படகில் வைத்து ஆற்றில் விடும் வழக்கம் கொண்டிருந்தனர் என்பதையும் சான்றாகக் காட்டுகின்றனர். ஓட்டுநருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் பொருட்டே இல்லை. "தாத்தா சொல்லியிருக்கிறார், நாம் சொந்தக்காரர்கள்" என்று முடித்துவிட்டார். அதற்காகக் கட்டணத்தைக் குறைக்கவில்லை.

வெறும் பெயரை மட்டும் வைத்துச் சொந்தம் கொண்டாட வேண்டியதில்லை, கல்லே இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற பழந்துறைமுகம் உள்ளது. அதனருகே லோபு துவாவில் 1873-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088-இல் வெட்டியது. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் அங்கே கூடி, வரும் கப்பல்கள் பொன்னாகச் செலுத்த வேண்டிய வரியை முடிவு செய்ததை அது கூறுகிறது. ஊர்ப் பெயர் அதில் 'வாரோசு'. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி 1932-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். நம்மவர் அங்கே தேடிப் போனது கற்பூரத்தை. சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் அடுக்கிச் சொல்லும் கற்பூர வகைகளில் 'வாறோசு' என்பதும் ஒன்று. இன்று நம் அலமாரியில் பூச்சிக்கு வைக்கும் உருண்டையை மலாய்க்காரர்கள் 'காப்பூர் பாருஸ்' என்கிறார்களே, அதிலும் அந்தத் துறைமுகமே ஒளிந்திருக்கிறது. பாருசுக்குப் போக எங்களுக்கு நாள் போதவில்லை. கல்லும் இப்போது அங்கில்லை, ஜகார்த்தா தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. ஆனால் மேடானுக்கு அருகிலேயே கோத்தா சீனா என்ற பழைய வணிகக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே சோழர் பாணியில் அமைந்த புத்தர், திருமால் சிலைகள் கிடைத்திருக்கின்றன.

சிபாயாக் மலையேற்றத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, கைவிளக்கோடு ஏறி, உச்சியில் கந்தகப் புகை சீறும் துளைகளுக்கு அருகே நின்று சூரியன் எழுவதைப் பார்த்தோம். கண்கொள்ளாக் காட்சிதான். அழுகிய முட்டை நாற்றத்தோடு கூடிய கண்கொள்ளாக் காட்சி. இறங்கி வந்து வெந்நீர் ஊற்றில் கால்களைப் போட்டபோது கிடைத்த சுகம் உச்சியில் கிடைக்கவில்லை என்று சொன்னால் என்னோடு வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

மூன்றாம் நாள் தோபா ஏரியின் வட முனையில் சிபிசோ-பிசோ அருவியைக் கண்டோம். 120 மீட்டர் உயரத்திலிருந்து கத்தி வீசியது போல ஒரே கோடாக விழுகிறது; 'பிசோ' என்றால் கத்தியேதான். அருவிக்கு எதிரே நின்று திரும்பினால் ஏரி. ஏரி என்ற சொல் அதற்குப் போதாது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம், ஆழமான இடத்தில் 500 மீட்டர். நம் இரட்டைக் கோபுரத்தைத் தண்ணீருக்குள் நிறுத்தினால் உச்சிக் கம்பியும் மூழ்கிவிடும்.

இது எரிமலை ஒன்று விட்டுச்சென்ற பள்ளம். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் தோபா வெடித்தது. கடந்த இருபது இலட்சம் ஆண்டுகளில் உலகம் கண்ட மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று அது. நிலத்தடியில் தேங்கியிருந்த பாறைக் குழம்பு ஆயிரக்கணக்கான கன கிலோமீட்டர் அளவுக்கு வெளியே கொட்டியதும், அடியில் வெற்றிடமாகிப் போன மேற்கூரை அப்படியே உள்ளே சரிந்தது. அந்தக் குழியில் மழைநீர் நிரம்பி ஏரியானது. பிறகு அடியிலிருந்து குழம்பு மீண்டும் மெல்ல மேலே தள்ள, ஏரியின் தரை எழும்பிச் சமோசிர் தீவானது. தீவின் மலைச் சரிவுகளில் பழைய ஏரிப்படிவுகள் காணப்படுவது இதனால்தான். மேற்கே ஒரு குறுகிய நிலத்துண்டால் அது கரையோடு ஒட்டியிருந்ததாம். டச்சுக்காரர்கள் அங்கே கால்வாய் வெட்டியபின்தான் முழுத் தீவாயிற்று. 2020-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் புவிப்பூங்காக்களில் ஒன்றாக ஏற்றது.

அன்று எழுந்த சாம்பல் எங்கெல்லாம் விழுந்தது தெரியுமா? பேராக்கில் லெங்கோங் பள்ளத்தாக்கின் கோத்தா தம்பானில் தோபாச் சாம்பல் படிவு இருக்கிறது. ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகள் கிடைத்துள்ளன. அந்த வெடிப்பால் மனித இனமே அழியும் நிலைக்குச் சென்றது என்று ஒரு காலத்தில் உறுதியாகச் சொல்லப்பட்டது. ஜ்வாலாபுரம் போன்ற சான்றுகள் அக்கருத்தைத் தளர்த்தியிருக்கின்றன. ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் எரிமலையைப் படத்தில் வண்ணம் தீட்டிப் படித்தவள் நான். நம் நாட்டில் எரிமலை இல்லை என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அதன் சாம்பல் நம் வீட்டுக்கே வந்திருக்கிறது என்பது பாடத்தில் இல்லை.

பராபாட் ஊரிலிருந்து படகேறித் துக்துக்கில் தங்கினோம். 2018-இல் இந்த ஏரியில் படகு மூழ்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் காணாமற்போன துயரத்தை விரிவுரையாளர் நினைவூட்டி, உயிர்காப்பு அங்கி அணியாதவரைப் படகில் ஏறவிடவில்லை. செல்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

பாத்தாக் வீடுகள் தூண்கள்மேல் நிற்கின்றன. கூரை இரு முனையும் உயர்ந்த படகு போல. முகப்பில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு ஆகிய மூன்றே நிறங்களில் செதுக்கல். அதில் பல்லி உருவம் தவறாமல் உண்டு. பல்லியைப் போல எந்தச் சுவரிலும் ஒட்டி வாழ வேண்டும் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அவற்றைவிட மனத்தில் நின்றது அவர்களின் பழைய எழுத்து. மரப்பட்டை ஏடுகளிலும் மூங்கிலிலும் எழுதிய அந்த எழுத்து நம் எழுத்தைப் போலவே பிராமியின் வழிவந்தது. ஒவ்வோர் எழுத்தும் அகரத்தோடு ஒலிக்கும்; அகரத்தை நீக்க வேண்டுமானால் 'பங்கோலாட்' என்ற ஒரு குறி. அதாவது, நம் புள்ளி! தீவில் கைவினைப் பொருள் விற்ற பெண்மணி ஒருவர் என் பெயரை மூங்கிலில் அந்த எழுத்தில் கீறிக் கொடுத்தார். அவர் பிள்ளைகளுக்கு இவ்வெழுத்து தெரியுமா என்று கேட்டேன். "பள்ளியில் கொஞ்சம் சொல்லித் தருகிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள்" என்று சிரித்தார்.

இரவுச் சாப்பாடு 'ஆர்சிக்'. கெண்டை மீனை மஞ்சள், இஞ்சிப்பூ, மிளகாய் சேர்த்து நீர் வற்றும்வரை வேகவைப்பது. நம் மீன் குழம்பை நினைத்து வாயில் வைத்தவர்கள் திகைத்துப் போனார்கள். காரணம் 'ஆண்டாலிமான்' என்ற சிறு மணி. மிளகு போலத் தோன்றும், எலுமிச்சை போல மணக்கும், கடித்த நொடியில் நாக்கு மரத்துப் போகும். சீனச் சமையலின் சிச்சுவான் மிளகுக்கு உறவான காட்டுச் செடி இது. மரத்த நாக்கோடு காரம் சாப்பிடுவது ஒரு தனி அனுபவம். காரம் தெரியாது, ஆனால் கண்ணில் நீர் வரும். ஏரியில் இப்போது கூண்டுகளில் திலாப்பியா மீனை மிகுதியாக வளர்க்கிறார்கள். அளவுக்கு மீறிப்போய் 2016-இல் ஹாராங்காவோல் பகுதியில் பெருந்தொகையான மீன்கள் செத்து மிதந்தன.

திரும்பும் வழியில் பெமாத்தாங் சியாந்தாரில் பழைய பிரிட்டிஷ் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளில் பூட்டிய பெச்சாக்கில் ஒரு சுற்றுச் சுற்றினோம். சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மேடானுக்கு வந்து பாடாங் உணவகத்தில் அமர்ந்தோம். கேட்காமலேயே இருபது தட்டுகளை மேசையில் அடுக்குகிறார்கள். தொட்டதற்கு மட்டும் காசு. மற்றவர்களுக்கு வியப்பு, எனக்கு ஊர் நினைவு. நெகிரி செம்பிலானில் குடியேறிய மினாங்கபாவ் மக்கள் சுமத்ராவிலிருந்து வந்தவர்கள்தாமே! அந்த ரெண்டாங்கும் மஞ்சள் தேங்காய்ப்பால் குழம்பும் எங்கள் ஊர் மலாய்க்கார அக்கா கடையில் சாப்பிட்டவைதாம்.

கடைசி நாள் கம்போங் மெட்ராஸ். முன்பு கம்போங் கெலிங் என்று வழங்கிய பகுதி. தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் அங்கே 1884 முதல் நிற்கிறது. பக்கத்தில் பெரிய பேரங்காடி. கோபுரத்தைக் கண்டதும் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓடினோம். பூசை முடிந்து வெளியே வந்து, தெருவோரம் ஒரு பாட்டியிடம் வடையும் இடியாப்பமும் வாங்கினோம். இடியாப்பத்துக்கு அங்கும் 'புத்து மாயாம்' என்றே பெயர். நாங்கள் பேசுவதைக் கேட்டுப் பாட்டி கரண்டியை வைத்துவிட்டார்.

"மலேசியாப் பிள்ளைங்களா? எல்லாரும் தமிழ் பேசுறீங்களே! படிக்கவும் வருமா?"

"வரும் பாட்டி. தமிழ்ப்பள்ளியில படிச்சோம்."

அவர் பேத்தியிடம் இந்தோனேசிய மொழியில் ஏதோ சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். பேத்திக்கு வயது பதினைந்து இருக்கும். தேவாரம் பாடுவாளாம், உரோமன் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு. தமிழில் பேசினால் சிரிப்பாள். அவள் ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். உள்ளே பழுப்பேறிய கணக்குப் புத்தகம். பாட்டியின் அப்பா மாடு வைத்துப் பால் ஊற்றியவர். அவருடைய பால் கணக்கு. பாட்டிக்குப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அவர் பிறந்து வளர்ந்த காலத்தில் படிக்கப் பள்ளி இல்லை.

இங்கே ஒரு சட்டத்தை நினைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. மலாயாவில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பெரும்பாலும் ஆலயத்து ஓரத்திலோ லயத்துக் கோடியிலோ ஒரு கொட்டகை. கங்காணியோ கிராணியோ வாத்தியார். அவ்வளவுதான் இருந்தது. ஆனாலும் இருந்தது. இன்று நம்மிடம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சுமத்ராவில் அரசுத் தமிழ்ப்பள்ளி ஒன்றுகூட இல்லை. நான் படித்த தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டில் எங்கள் வகுப்பில் ஏழே பேர். "இத்தனை குறைந்த பிள்ளைகளுக்கு எதற்கு ஒரு பள்ளி" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களில் தமிழர்களும் உண்டு.

புத்தகத்தைப் புரட்டினேன். வீட்டுப் பெயர், படி, அரைப்படி, காசு. கடைசி ஏட்டில் மட்டும் கணக்கு இல்லை. பிள்ளைகள் பிறந்த குறிப்பு. நான்கு வரிகள். மூன்றாவது வரி பாட்டியின் பெயர். 'விரோதி வருசம் ஆவணி மாசம் புதன்கிழமை ராத்திரி, பூரட்டாதி நட்சத்திரம்' என்று இருந்தது. உரக்கப் படித்தேன். பாட்டி மறுபடி படிக்கச் சொன்னார். மறுபடியும் படித்தேன்.

தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை சுழல்பவை. அண்மையில் வந்த விரோதி ஆண்டு 2009-இல் பிறந்தது. அறுபதைக் கழித்தால் 1949. பாட்டியின் அடையாள அட்டையில் 1951, சனவரி முதல் நாள் என்றிருந்தது. யாரோ ஒரு குமாஸ்தா குத்துமதிப்பாகப் போட்டது. "அப்ப ஒரு வயசு கூடிப்போச்சா?" என்று பாட்டி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நட்சத்திரம் என்னன்னு சொன்ன?" என்று கேட்டார்.

இத்தனை ஆண்டுகளாகக் கோயிலில் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்கும்போது, தமக்கு நட்சத்திரம் தெரியாது என்பதால், "சாமி பேருக்கே பண்ணுங்க" என்று சொல்லி வந்திருக்கிறார். வடைச் சட்டியைப் பேத்தியிடம் விட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அர்ச்சனைச் சீட்டு வாங்கக் கோயிலுக்குள் போனார். எங்களுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது. அவர் திரும்பி வரும்வரை நிற்க முடியவில்லை.

பேத்தி இப்போது அந்தப் புத்தகத்தின் பக்கங்களைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பி வருகிறாள். மொத்தம் நாற்பது பக்கம். கழகத்தில் மூன்று பேர் சேர்ந்து வாரம் இரண்டு பக்கமாகப் படித்து, தமிழிலும் உரோமன் எழுத்திலும் எழுதி அனுப்புகிறோம். மை ஊறிப்போன இடங்கள் கடினமாக உள்ளன. வீட்டுப் பெயர்களில் பல தெளிவாகத் தெரிகின்றன: மேஸ்திரி வீடு, சாயபு வீடு, வண்டிக்காரர் வீடு. பதினோராம் பக்கத்தில் வாத்தியார் வீடு என்று ஒன்று வருகிறது. அந்த வாத்தியார் யார், என்ன சொல்லிக் கொடுத்தார் என்று பாட்டிக்கு நினைவில்லை. அவர் வீட்டுக்கு நாளொன்றுக்கு அரைப்படிப் பால் போயிருக்கிறது.